முப்பது வருஷக் கணக்கு

எங்கள் உறவில் யாருக்காவது கழுத்தில் கட்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தால் மறுநாளே எனக்கு போன் வந்துவிடும். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. தைராய்டு புற்றுநோய் வந்த என் சித்தியோடு பல வருஷமாக ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிறவள். சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அதுவே போதும். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ஒண்ணும் பயமில்லையே கண்ணு?" என்று கேட்பார்கள்.

நான் சொல்லும் பதிலில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியைக் கேட்டதும் பெருமூச்சு விட்டுவிட்டு போனை வைக்கப் பார்ப்பார்கள். இரண்டாவதைச் சொல்வதற்குள் பேச்சு கல்யாணம், காதுகுத்து என்று வேறு பக்கம் போய்விடும். அதனால் இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் பகுதி நல்ல செய்தி. தைராய்டு புற்றுநோய்களில் 100க்கு 80க்கும் மேல் பாப்பில்லரி வகை. அது மெதுவாக வளரும். சுரப்பியைத் தாண்டாத நிலையில் சிகிச்சை எடுத்தவர்களில், 5 வருஷத்துக்குள் இந்த நோயால் இறப்பவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை என்கிறது அமெரிக்கப் புள்ளிவிவரம். கழுத்தில் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அடுத்து வரும் ஃபாலிக்குலார் வகையும் பெரும்பாலும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். இந்த இரண்டிலும் வயது எவ்வளவு முக்கியம் என்றால், நோயின் தீவிரத்தைக் குறிக்க 2018 முதல் நடைமுறையில் இருக்கும் நிலைப் பிரிப்பில், 55 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கே போயிருந்தாலும் இரண்டாம் நிலை என்றுதான் எழுதுவார்கள்.

இவ்வளவு நல்ல பலனுக்கு ஒரு காரணம் அந்தச் செல்லின் சுபாவம். ரத்தத்தில் இருக்கும் அயோடினை இழுத்துச் சேர்ப்பது தைராய்டு செல்லின் வேலை. புற்றாக மாறின பிறகும் இந்த இரண்டு வகைச் செல்களும் பல சமயம் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. கதிர்வீசும் அயோடின்-131ஐ வாய்வழியாகக் கொடுத்தால், உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அதை அவையே உள்ளே இழுத்துக்கொண்டு அழிகின்றன. அமெரிக்காவில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் 1941இல் அதிகமாகச் சுரக்கும் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் வைத்தியத்தைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே அது புற்றுநோய்க்கும் வந்துவிட்டது.

இது வரைக்கும் எல்லோரும் கேட்பார்கள்.

இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். 1994இல் அமெரிக்காவின் ஓஹையோவில் மஸ்ஸாஃபெரி என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் 1,355 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். பாப்பில்லரி, ஃபாலிக்குலார் வகைக்காரர்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் கவனித்த கணக்கு அது. 30 வருஷ முடிவில் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 100க்கு 8 பேர். நோய் திரும்ப வந்தவர்கள் 100க்கு 30 பேர். திரும்ப வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு முதல் பத்து வருஷத்துக்குள் வந்தது. மிச்சமுள்ள ஒரு பங்கு அதற்கும் பிறகு, எல்லோரும் மறந்துபோன பிறகு வந்தது.

அது பழைய காலத்து நோயாளிகளின் கணக்குதான். இன்றைய ஸ்கேனும் அறுவை முறையும் அன்று கிடையாது. இன்று சின்னக் கட்டியோடு வருபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் கடைசி ஒரு பங்கை நான் மறக்கவே மாட்டேன். என் சித்தி அதில் ஒருவர்.

சித்தி இருப்பது நாகலூர் பக்கம். நாலு பக்கமும் காப்பி, நடுவில் சில்வர் ஓக் மரங்களில் ஏறின மிளகுக் கொடி. 2004இல் அவருக்கு 36 வயது. ஒரு கல்யாணத்துக்குச் சேலம் வந்தபோது, சங்கிலி மாட்டிவிட்ட என் அம்மாவின் கையில் தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுச் செல்லை உறிஞ்சிப் பார்த்ததில் பாப்பில்லரி என்று வந்தது. சுரப்பி முழுவதையும், பக்கத்தில் இருந்த சில நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடின். சித்தியின் குழந்தைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில். 2009இல் ஐந்து வருஷம் முடிந்ததும் சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் செய்து முடித்தார்கள். பந்தி போட்டு ஊருக்கே சாப்பாடு.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா அப்புறம் ஒண்ணுமில்ல" என்பது நம் ஊரில் பாட்டி வைத்தியம் போல வேரூன்றிய நம்பிக்கை. பல புற்றுநோய்களுக்கு அது ஓரளவு பொருந்தும். தைராய்டுக்குப் பொருந்தாது. மெதுவாக வளரும் நோய் மெதுவாகத்தான் திரும்பியும் வரும். சித்தியைப் பார்த்துவந்த மருத்துவர் ஓய்வு பெற்றார். கோப்பு பீரோவுக்குப் போனது. எடுத்துவிட்ட சுரப்பியின் ஹார்மோனுக்குப் பதிலாகத் தினமும் போடும் தைராக்ஸின் மாத்திரை மட்டும் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

2016இல் மாத்திரை அளவைச் சரிபார்க்க ரத்தம் கொடுத்தபோது, சேலத்தில் ஒரு மருத்துவர் பழைய கோப்பைக் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தைரோகுளோபுலின் என்ற பரிசோதனையையும் சேர்த்து எழுதினார். அந்த ஒரு வரிக்காக அவரை நாங்கள் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறோம்.

தைரோகுளோபுலின் தைராய்டு செல் மட்டுமே செய்கிற ஒரு புரதம். சுரப்பியை முழுவதும் எடுத்து, மிச்சம் மீதியையும் அயோடினால் அழித்த ஒருவரின் ரத்தத்தில் அது இருக்கக் கூடாது. இருந்தால், எங்கேயோ ஒரு தைராய்டு செல் கூட்டம் இருக்கிறது என்று பொருள். இவ்வளவு தெளிவாகப் பேசும் ரத்தப் பரிசோதனை எல்லாப் புற்றுநோய்க்கும் வாய்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை உண்டு. நோயாளிகளில் நாலைந்து பேருக்கு ஒருவரின் ரத்தத்தில் இந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். அது பரிசோதனையை ஏமாற்றி, இருப்பதை இல்லை என்று காட்டிவிடும். அதனால் ஆன்டிபாடியையும் கூடவே பார்க்க வேண்டும். ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு ஆய்வகத்தின் கருவியும் கொஞ்சம் வேறு எண் காட்டும். ஒரு தனி எண்ணைவிட, அது வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் சேதி.

சித்திக்கு அது ஏறியிருந்தது. கழுத்து ஸ்கேனில் இடது பக்கம் ஒரு நெறிக்கட்டி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வலி இல்லை, கைக்குத் தட்டுப்படவும் இல்லை. தோட்டத்தில் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தார். முதல் அறுவை முடிந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

மறுபடி அறுவை, மறுபடி அயோடின். அயோடினுக்கு முன்னால் சில வாரங்கள் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரை நின்றால் மூளையடிச் சுரப்பி பதறிப்போய் டி.எஸ்.எச். ஹார்மோனை அதிகமாக அனுப்பும். அந்தத் தூண்டுதலில் மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் பசியோடு அயோடினை இழுக்கும். மாத்திரையை நிறுத்தாமலே இதைச் செய்ய ஓர் ஊசி இருக்கிறது. அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அது மார்கழி மாதம். தைராக்ஸின் இல்லாத உடம்பு குளிர் தாங்காது. முகம் உப்பி, குரல் தடித்து, இரண்டு கம்பளிக்குள்ளும் நடுங்கிக்கொண்டு மலைமேல் இருக்க முடியாமல் சித்தி சேலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அஸ்தம்பட்டியில் மொட்டைமாடி வெயிலில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வாக்கியம் பேசி முடிக்கவே நேரம் எடுக்கும். சிகிச்சைக்கு முன்னால் உடம்பில் வேறு அயோடின் சேரக் கூடாது என்பதால் சமையலில் அயோடின் உப்பு கிடையாது, பால் தயிர் கிடையாது, மீன் முட்டை கிடையாது. "நாக்கே செத்துப்போச்சு கண்ணு" என்பார். அந்த நாட்களில்தான், தைராக்ஸின் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தேன்.

கதிரியக்க அயோடினை 30 மில்லிக்யூரி என்ற அளவுக்கு மேல் கொடுத்தால் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வேலூரில் அந்த அறையில் இருந்தார். நாங்கள் கதவுக்கு வெளியே. அயோடின்-131 எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வைக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்பதால் சிலருக்கு வாய் வறண்டே போய்விடும். சித்திக்கு அப்படித்தான். இன்றும் முறுக்கோ தட்டுவடையோ தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் சாப்பிட முடியாது. உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் இந்த மாதிரி விஷயங்கள் தெரியாது.

இந்த நோயின் நெடுங்காலக் கதையைப் படிக்க ஆரம்பித்தபோது என்னை மிகவும் பாதித்தவர் தியோடர் கோக்கர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர். தைராய்டு அறுவை என்றால் சாவு என்றிருந்த காலத்தில் அதைப் பாதுகாப்பானதாக்கி, 1909இல் நோபல் பரிசு வாங்கியவர். 1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழலைக்காக, அதாவது தைராய்டு வீக்கத்துக்காக, சுரப்பி முழுவதையும் எடுத்தார். காயம் நன்றாக ஆறி வீட்டுக்குப் போனாள். அன்றைய அளவுகோலில் அது முழு வெற்றி. சில வருஷம் கழித்து இன்னொரு மருத்துவர், அந்தப் பெண் மந்தமாகிவிட்டாள் என்று சொன்னார். கோக்கர் அவளை நேரில் பார்த்தார். அவளைவிடச் சின்னவளான தங்கை உயரமாக வளர்ந்து நிற்க, இவள் வளர்ச்சி நின்று, முகம் உப்பி இருந்தாள். அவர் அதோடு விடவில்லை. தம்மிடம் அறுவை செய்துகொண்ட பழைய நோயாளிகள் எல்லோரையும் கடிதம் போட்டு வரவழைத்தார். சுரப்பியை முழுவதும் இழந்து மறுபரிசோதனைக்கு வந்த 18 பேரில் 16 பேருக்கு இதே கதி. 1883இல் அதை மறைக்காமல் வெளியிட்டார். கூப்பிட்டுப் பார்த்திருக்காவிட்டால் அவர் கணக்கில் அத்தனை பேரும் குணமானவர்களாகவே இருந்திருப்பார்கள்.

எட்டு வருஷம் கழித்து, 1891இல், இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்பவர் ஆட்டுத் தைராய்டின் சாறை, தைராய்டு வேலை செய்யாத 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்த அம்மா இன்னும் 28 வருஷம் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். சித்தி தினமும் விழுங்கும் சின்ன மாத்திரையின் முன்னோர் அந்தச் சாறுதான்.

அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. காப்பி அதை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து அந்த மலையில் விடிவதே காப்பியோடுதான். சொந்தத் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்துக் குடிக்கிறவரிடம், காலையில் ஒரு மணி நேரம் காப்பி கூடாது என்றால் எத்தனை நாள் நடக்கும்? சித்தியின் டி.எஸ்.எச். எண் காரணமே தெரியாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவர்தான், மிகவும் சின்னப் பெண், "அம்மா, காலைல முதல்ல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போட்டுக்கொள்கிறார். எண் நிலைத்துவிட்டது. ராத்திரி போடுவதும் நல்ல பலன் தரும் என்பதற்கு ஆய்வுகளே இருக்கின்றன. காலையில் சரிப்படாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சித்திக்குக் கால்சியமும் உண்டு. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு அரிசிமணி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தின் கால்சியத்தைக் காப்பது அவைதான். அறுவையில் அவை அடிபட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, அப்புறம் கை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. சித்திக்கு இரண்டாவது அறுவைக்குப் பிறகு ஆகவில்லை. கால்சியம், கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்து இரண்டும் வாழ்நாள் முழுவதும். இதில் ஒரு சிக்கல்: கால்சியம் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதேதான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றபோது எங்களுக்கு வந்த பயம் கால்சியத்தைப் பற்றித்தான். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், சில நாள் தவறினால் ஆபத்தில்லை. பாராதைராய்டு போனவருக்குக் கால்சியம் ஒரு நாள் தவறினாலே கை இழுக்கத் தொடங்கலாம். மலைமேல் இருக்கிற நோயாளிக்கு எந்த மாத்திரை வாரக் கணக்கில் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத வேண்டும். நல்லவேளையாகச் சித்தியிடம் ஒரு மாதத்துக்கானது கையில் இருந்தது.

போனில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி மரவள்ளியைப் பற்றியது. ஜவ்வரிசி ஊரில் வேறென்ன கேட்பார்கள்? மரவள்ளியில் சயனைடு தரும் ஒரு பொருள் இருக்கிறது. சரியாக ஊறவைத்துப் பதப்படுத்தாமல் சாப்பிட்டால் அது உடம்பில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடின் வாங்குவதைத் தடுக்கும். அயோடின் குறைவான ஊர்களில் இதனால் கழலை வருவது ஆப்பிரிக்காவில் நன்றாக ஆராயப்பட்டது. அது கழலை. புற்றுநோய்க்கு மரவள்ளியைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. வேகவைத்த கிழங்கைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இப்போது அடிக்கடி வருகிற இன்னொரு போன் இதற்கு நேர் எதிரான வகை. அம்மாப்பேட்டையில் இருக்கும் என் மாமா மகளுக்கு 31 வயது. அலுவலகத்தில் கொடுத்த முழு உடல் பரிசோதனையில் தைராய்டில் 7 மில்லிமீட்டர் கட்டி. ஓர் ஆஸ்பத்திரியில் அதே வாரம் ஊசி போட்டுப் பார்த்து, பாப்பில்லரி போலத் தெரிகிறது என்று சொல்லி, சுரப்பி முழுவதையும் எடுத்துவிடலாம், நாள் குறிக்கலாம் என்றார்கள். வீடே அழுதது.

இங்கேதான் நெடுங்காலக் கணக்கு அறுவைக்கு எதிர்ப்பக்கமாகவும் பேசும். ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதலே, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்து அறிகுறி இல்லாத பாப்பில்லரி கட்டிகளை வெட்டாமல் ஸ்கேனில் கண்காணிக்கிறார்கள். அப்படிக் கண்காணித்த 1,235 பேரில், பத்து வருஷத்தில் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது 100க்கு 8 பேருக்கு. நெறிக்கட்டிக்குப் பரவியது 100க்கு 4 பேருக்கும் குறைவு. அவர்களில் யாரும் தைராய்டு புற்றால் சாகவில்லை. வளர்ந்தவர்களுக்கு அப்புறம் அறுவை செய்தார்கள். தென்கொரியாவில் நடந்தது வேறு கதை. உடல் பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் பரவலாகி, 2011இல் கண்டுபிடிப்பு விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. இறப்பு விகிதம் அப்படியே இருந்தது. பல்லாயிரம் பேர் தேவையில்லாமல் சுரப்பியை இழந்து, என் சித்தி போல வாழ்நாள் மாத்திரைக்காரர்கள் ஆனார்கள். பிரான்சில் 776 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், ஆபத்து குறைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் கதிரியக்க அயோடின் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்று வருஷ முடிவு ஒன்றாகவே இருந்தது.

மாமா மகளை வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். கட்டி சுரப்பியின் நடுவில் இருக்கிறது, மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ தொடவில்லை, நெறிக்கட்டி எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கலாம் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். உள்ளே ஒரு புற்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேலைக்குப் போய்வருவது லேசான காரியமில்லை. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தவறாமல் போகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வழி.

எல்லாத் தைராய்டு புற்றையும் ஒரே பேச்சில் அடக்கிவிடக் கூடாது. மெடுல்லரி என்ற வகை வேறு செல்லிலிருந்து பிறப்பது, அயோடினை இழுக்காது. ஐந்து வருஷ உயிர்வாழ்வு 100க்கு 90 அளவில் இருந்தாலும், நாலில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. அந்த ரிப்போர்ட் வந்தால் ரெட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதித்து, இருந்தால் குழந்தைகள், கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும். அனாபிளாஸ்டிக் வகை அபூர்வம், பெரும்பாலும் வயதானவர்களுக்கு, மிகக் கொடியது. 100 பேரில் 10 பேர்கூட ஐந்து வருஷம் தாண்டுவதில்லை. சில மரபணு மாற்றங்கள் உள்ளவர்களுக்கு மட்டும் 2018க்குப் பிறகு புது மருந்துகள் கொஞ்சம் வழி திறந்திருக்கின்றன. "தைராய்டுதானே, ஒண்ணும் ஆகாது" என்று யார் வீட்டிலும் வகை தெரியாமல் சொல்லிவிட வேண்டாம்.

நான் முன்னால் சொன்ன நல்ல எண்கள் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பாவிலிருந்து வருபவை. நோயாளி வராவிட்டால் கூப்பிட்டுக் கேட்கும் ஏற்பாடு பரவலாக உள்ள ஊர்கள். அந்த எண்கள் நமக்கும் பலிக்க வேண்டுமானால் அந்த ஏற்பாடும் வேண்டும். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுகிறது, அது பெரிய விஷயம். அதற்குப் பின்னால் வரும் முப்பது வருஷம்தான் யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது. 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சித்தப்பாவுக்கு பி.பி. மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிற பெண்ணுக்கு அந்த வரிசை வீடுகள் எல்லாம் தெரியும். கழுத்தில் தழும்போடு இருக்கிறவர்களிடம் வருஷத்துக்கு ஒரு தடவை, "ரத்தம் குடுத்தீங்களாம்மா, கழுத்து ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று அவர் கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம். இதை நான் மிகவும் தீவிரமாகவே கேட்கிறேன்.

கண்காணிப்பு என்றால் நோய் திரும்புகிறதா என்று பார்ப்பது மட்டுமில்லை. சிகிச்சையே நாளாவட்டத்தில் கெடுதல் செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டி.எஸ்.எச். தைராய்டு செல்லை வளரத் தூண்டும் என்பதால், ஆபத்து அதிகமாக இருந்தவர்களுக்கு அதை 0.1க்கும் கீழே அழுத்தி வைக்கும் அளவுக்குத் தைராக்ஸின் கொடுப்பார்கள். ஆரம்ப வருஷங்களில் அது தேவை. ஆனால் அதே சீட்டை இருபது வருஷம் புதுப்பித்துக்கொண்டே போனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு வரலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு கரையலாம். நோய்க்கான தடயம் இல்லாமல் வருஷங்கள் போனால் பிடியைத் தளர்த்த வேண்டும். ஆபத்து குறைந்தவர்களுக்கு 0.5லிருந்து 2 வரை இருந்தால் போதும் என்றன 2015இன் அமெரிக்க வழிகாட்டுதல்கள்.

சித்திக்கு இப்போது 57 வயது. 2016க்குப் பிறகு தைரோகுளோபுலின் அளவிட முடியாத அளவுக்குக் கீழேயே இருக்கிறது, ஆன்டிபாடியும் இல்லை. கடைசியாகப் போனபோது எலும்பு அடர்த்தி ஸ்கேனில் இடுப்பெலும்பு கொஞ்சம் தேய்ந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் தைராக்ஸின் அளவைக் குறைக்கலாம் என்றார். சித்திக்கு மனசில்லை. "இதக் கொறச்சா அது மறுபடி வந்துடாதா டாக்டர்? பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்துச்சுங்களே" என்றார். மருத்துவர் அவசரப்படவில்லை. 2016லிருந்து வந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். இத்தனை வருஷம் சுத்தமாக இருக்கும்போது திரும்பும் வாய்ப்பு எவ்வளவு குறைவு, கீழே விழுந்து இடுப்பு உடையும் வாய்ப்பு அதைவிட எவ்வளவு அதிகம் என்று விளக்கினார். மலைப்பாதையில் நடக்கிறவருக்கு அது புரிந்தது. சரி என்றார்.

அளவு மாறினால் எண் நிலைப்பதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். அதன்படி பார்த்தால் அடுத்த ரத்தப் பரிசோதனை காப்பிப் பழம் பறிக்கும் நேரத்தில் வருகிறது. "ஆளுங்கள விட்டுட்டு எப்படிக் கண்ணு எறங்கறது?" என்றார். ஏற்காட்டிலேயே ரத்தம் எடுத்து எங்கள் வழக்கமான ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன், முடியும் என்றார்கள். கழுத்து ஸ்கேனுக்கு மட்டும் பறிப்பு முடிந்து தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தேதி வாங்கிவிட்டேன்.